சிறைப்புறக் கேட்போர்: திருவனந்தபுரத்தில் தமிழ் – மலையாள உறவாடற் களங்கள்

0. முன்னுரை

இரு மொழிகள் ஒரு நகரில் நெடுங்காலம் அருகருகே வழங்கிவரும்போது, அவற்றின் உறவை மக்கள் தொகைக் கணக்கு, பள்ளிகளின் எண்ணிக்கை, அரசாணைகள் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுவது ஆய்வாளர் வழக்கம். இவை இன்றியமையாத சான்றுகளே. எனினும் மக்கள் ஒருவரையொருவர் எங்கே சந்தித்தனர், யார் முன்னிலையில் பேசினர், அப்பேச்சை வேறு யார் கேட்டிருந்தனர் என்னும் வினாக்களுக்கு இச்சான்றுகள் விடை தருவதில்லை. ஒரு மொழி அதனைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரிடம் சென்று சேர்வது பெரும்பாலும் இத்தகைய சந்திப்புகளின் வாயிலாகவே ஆகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் ஏற்றதோர் இடம். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் பாடல் பெற்ற ஊர் இது. 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவிதாங்கூரின் தலைநகர் இங்கு மாற்றப்பட்டது. அன்று முதல் 1956 வரை, தமிழ் வழங்கும் தென்பகுதியையும் மலையாளம் வழங்கும் வடபகுதியையும் உள்ளடக்கிய ஒரு நாட்டின் அரசிருக்கையாக இந்நகர் விளங்கியது. 1956க்குப் பின்னர் இங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

ஏறத்தாழ 1870களிலிருந்து இன்றுவரை இந்நகரில் மக்கள் கூடிப் பேசிய களங்களை அவை, கடைத்தெரு, கைப்பேசித் திரை என மூவகையாகக் கொண்டு, அக்களங்கள் மாறியபோது இரு மொழிகளின் உறவு எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பேசுவோரையும் பேசப்படுவோரையும் போலவே, அருகில் நின்று கேட்பவரும் இவ்வுறவைத் தாங்கி நின்றார் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. கேட்போரும் களனும்

பேச்சு நிகழ்ச்சியில் கேட்பவருக்குத் தனி இடம் உண்டு என்பது தமிழ் இலக்கண மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புகளை எண்ணுமிடத்துக் ‘கூற்று’ என்பதனோடு நில்லாது ‘கேட்போர்’, ‘களன்’ என்பனவற்றையும் தனித்தனி உறுப்புகளாகக் கொள்கிறது. அகப்பாடல் மரபில் வரும் ‘சிறைப்புறம்’ என்னும் சூழல் இதனினும் நுட்பமானது. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். தோழி தலைவியை நோக்கிப் பேசுகிறாள். சொல் உண்மையில் சென்று சேர்வது வேலிப்புறத்தானை. சங்க அகப்பாடல்களின் கூற்றுக் குறிப்புகளில் இச்சூழல் பலவிடத்தும் காணப்படுகிறது. முன்னிலையாளரும் கேட்போரும் ஒருவராக இருக்க வேண்டுவதில்லை என்னும் தெளிவு இம்மரபில் அமைந்துள்ளது.

மேலைநாட்டுச் சமூக மொழியியலில் இக்கருத்து பிற்காலத்தில் வளர்ந்தது. ‘கேட்பவர்’ என்னும் ஒற்றைச் சொல் பலவகைப் பங்கேற்பாளரை மறைத்துவிடுகிறது என்பதை எர்விங் கோஃப்மன் 1981இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 1984இல் ஆலன் பெல், முன்னிலையாளர், உடன்கேட்போர், அருகிருப்போர், அறியாமற் கேட்போர் எனக் கேட்போரை வகைப்படுத்தி, பேசுவோரின் நடை இவர்களுக்கேற்ப மாறுவதைக் காட்டினார். இதற்கு முன்பே, 1980இல், லெஸ்லி மில்ராய் பெல்பாஸ்ட் நகரின் உழைக்கும் மக்கள் வாழ்பகுதிகளை ஆராய்ந்து, ஒருவரே அண்டைவீட்டாராகவும் உறவினராகவும் உடன்பணியாளராகவும் அமையும் ‘பல இழை’ உறவுகள் வட்டார வழக்கைக் காத்துநிற்பதை நிறுவினார்.

பெல்லின் ஆய்வு பெரிதும் பேசுவோரை நோக்கியது. மில்ராயின் ஆய்வு ஒரு மொழியின் வழக்குக்குள் நின்றது. இருமொழி நகரொன்றில் அருகில் நின்று கேட்பவர் அடைவது என்ன என்பதே இங்கு எழும் வினா. அகமரபில் தலைவன் கேட்டுக்கொண்டிருப்பதைத் தோழி அறிவாள். கடைத்தெருவிலோ பேசுவோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு, பேச்சு தம்மை நோக்கியதாக அமையாவிடினும் உடனிருந்து அதனைக் கேட்பவரைச் ‘சிறைப்புறக் கேட்போர்’ எனக் குறிப்பிடலாம்.

2. அவைகள்

1876இல் பேட்டையில் இராமன்பிள்ளை ஆசான் ‘ஞானப்பிரஜாகரம்’ என்னும் அறிஞர் அவையைத் தோற்றுவித்தார். சமயம், தத்துவம், மொழி ஆகியன பற்றிய உரையாடல்கள் அங்கு நிகழ்ந்தன. ரெசிடென்சியில் பணியாற்றிய தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகள், தமிழாசிரியர் சுவாமிநாத தேசிகர், பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) ஆகியோர் இவ்வட்டத்தைச் சார்ந்தவர்கள். 1885இல் சுந்தரம் பிள்ளையும் அய்யாவு சுவாமிகளும் முன்னின்று சைவப் பிரகாச சபையை நிறுவினர்.

இந்த அவைகளின் பயனை அவற்றில் உரையாற்றியோரைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. அங்கு அமர்ந்து கேட்ட இளைஞர்களையும் நோக்குதல் வேண்டும். சட்டம்பி சுவாமிகள் (1853–1924) இராமன்பிள்ளை ஆசானின் மாணவர். தமிழைச் சுவாமிநாத தேசிகரிடம் பயின்றார். அய்யாவு சுவாமிகளிடம் யோகம் கற்றார். நாராயண குரு (1856–1928) அதே அய்யாவு சுவாமிகளின் தொடர்பால் தமிழ்ச் சைவ மரபில் ஆழ்ந்தார். பின்னர் அவர் தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றினார். திருக்குறளின் ஒரு பகுதியையும் ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் நூலையும் மலையாளத்தில் பெயர்த்தார். இப்பயிற்சி முறையான பாடத்திட்டத்தில் அமைந்ததன்று. ஒரே திண்ணையில் தமிழ், மலையாளம், வடமொழி ஆகிய மூன்றும் மாறிமாறி ஒலித்த சூழலில், ஒரு மொழிக்கென வந்தவர் மற்றொன்றையும் கேட்டுத் தேர்ந்தனர் எனலாம்.

சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891இல் வெளிவந்தது. அதன் தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதி 1970இல் தமிழ்நாட்டின் வாழ்த்துப்பாடலாக ஏற்கப்பட்டது. அவ்வணக்கத்தில் கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவற்றைத் தமிழோடு உறவுபடுத்திக் கூறும் அடிகள் அரசு ஏற்ற வடிவில் இடம்பெறவில்லை. ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் ஆசிரியராக வாழ்ந்த ஒருவருக்கு மலையாளம் நூலறிவாக மட்டுமன்றி நாள்தோறும் செவியில் விழுந்த மொழியாகவும் இருந்தது என்பதை அவ்வடிகளைப் படிப்போர் நினைவிற்கொள்ளல் தகும்.

3. கடைத்தெரு

3.1. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தது சாலைக் கடைத்தெரு. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் இத்தெருவில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து வாழ்ந்தனர். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்ட நாஞ்சில்நாட்டின் நெல்லும், தோவாளைப் பூவும், வடசேரிச் சந்தையின் காய்கறியும் தலைநகரை அடைந்த வழி இது. அருகிலுள்ள வலியசாலை, கரமனை முதலிய இடங்களில் தமிழ் அந்தணர் அக்கிரகாரங்கள் அமைந்தன. நகருக்குத் தெற்கே பாலராமபுரத்தில் தமிழகத்திலிருந்து வந்த சாலியர் நெசவுக் குடியிருப்பு உருவாயிற்று.

கடைத்தெருவில் விலைபேசுதல் இருவருக்கிடையே மட்டும் நிகழ்வதன்று. அடுத்து நிற்கும் வாடிக்கையாளர், கணக்குப்பிள்ளை, சுமை இறக்குவோர், எதிர்க்கடைக்காரர் எனப் பலர் அதனைக் கேட்டிருப்பர். கடன் கொடுத்தவரே கோயில் திருவிழாவில் உடன் நிற்பவராகவும், அவர் பிள்ளையே தம் பிள்ளைக்குப் பள்ளித் தோழனாகவும் அமைவர். மில்ராய் கூறும் பல இழை உறவு இங்கு இரு மொழிகளுக்கு ஊடாக அமைந்திருந்தது.

3.2. இவ்வுறவின் மொழியியல் தடங்களைக் கருதுங்கால் எச்சரிக்கை வேண்டும். கேரளத்தின் பிற பகுதிகளில் மூத்தோரைச் ‘சேட்டன்’, ‘சேச்சி’ என விளிக்கும்போது, திருவனந்தபுரத்து மலையாளத்தில் ‘அண்ணன்’, ‘அக்கன்’ என்னும் விளிகள் வழங்குகின்றன. மறுபுறம், தென்திருவிதாங்கூர்த் தமிழில் குடிநீரை ‘வெள்ளம்’ என்றும், பலாவைச் ‘சக்கை’ என்றும், சொல்லுதலைப் ‘பறைதல்’ என்றும் கூறும் வழக்கு உண்டு. இவற்றை ஒரு மொழி மற்றொன்றிடம் கடன்பெற்றது என உடனே முடிவுகட்டுதல் இயலாது. ‘அண்ணன்’ திராவிடப் பொதுச்சொல். ‘பறை’ என்னும் வினை சொல்லுதற்பொருளில் பழந்தமிழ் இலக்கியத்திலும் உண்டு. எனவே இவை கடனாகவும் இருக்கலாம். இருமொழிக்கும் பொதுவான பழஞ்சொல் பிற இடங்களில் வழக்கிழக்க, இங்கு மட்டும் எஞ்சியதாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும், அண்டை மொழியார் வாயில் அதே சொல்லை நாளும் கேட்பது அச்சொல் நிலைபெறத் துணை செய்திருக்கும் என்று கருத இடமுண்டு.

3.3. இக்களம் எல்லோர்க்கும் திறந்திருந்தது என எண்ணுதல் பிழையாகும். அருகில் நின்று கேட்பதற்கு முதலில் அங்கு நிற்க உரிமை வேண்டும். சாதியின் பெயரால் பொதுவழியும் சந்தையும் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தன. 1893இல் அய்யன்காளி (1863–1941) தடையை மீறி வில்லுவண்டியில் பொதுவழியே சென்றார். 1898இல் ஆறாலுமூடு சந்தையை நோக்கிச் சென்ற அவரும் அவருடன் சென்றோரும் பாலராமபுரம் சாலியர் தெருவில் எதிர்க்கப்பட்டனர். அங்குக் கைகலப்பு மூண்டது. 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் பின்னரே கோயில்கள் சட்டப்படி அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. ஆகவே திருவனந்தபுரத்தின் இருமொழித் திறன் எல்லாத் தரப்பினரிடத்தும் ஒரே காலத்தில், ஒரே அளவில் உருவாகியிருக்க இயலாது. நகரின் மொழி வரலாற்றை எழுதுவோர் வணிகரையும் புலவரையும் மட்டும் சான்றாகக் கொள்ளின், சந்தைக்குள் நுழையவே போராடியவர்களின் மொழியனுபவம் விடுபட்டுப்போகும்.

4. எல்லை மாற்றத்திற்குப் பின்

திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்தைத் தொடர்ந்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தலைநகர்த் தமிழர் கேரளத்தில் நின்றனர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்தது.

எல்லை மாறிய பின்னரும் சந்திப்புகள் உடனே அற்றுவிடவில்லை. 1938இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய பேருந்துப் போக்குவரத்தின் முதல் தடம் தெற்கு நோக்கியதே. அத்தடத்தில் இருமாநிலப் பேருந்துகள் தொடர்ந்து ஓடின. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரம் சரசுவதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளும் வழக்கமும் எல்லையைக் கடந்து நீடிக்கிறது. பேருந்தின் இருக்கையிலும் ஊர்வலம் செல்லும் வழியிலும் சிறைப்புறக் கேட்போர் இருந்துகொண்டே இருந்தனர்.

மாறியது பள்ளி. வீட்டில் தமிழும் வகுப்பறையில் மலையாளமுமாக வளர்ந்த தலைமுறை பெருகிற்று. இவர்களுள் தமிழைச் சரளமாகப் பேசியும் தமிழ் எழுத்தைப் படிக்க இயலாதவராய் வளர்ந்தோர் உண்டு. கடைத்தெரு நிலைபெற்றிருந்தவரை இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. அங்கு வேண்டப்பட்டது செவி மட்டுமே.

5. மொழிபெயர்ப்பாளர் உருவான வகை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவனந்தபுரம் தமிழ் இலக்கியத்திற்கு அளித்த எழுத்தாளர்களுள் நகுலன் (1921–2007), ஆ. மாதவன், நீல பத்மநாபன் ஆகியோர் முதன்மையானவர். நகுலன் ஆங்கிலப் பேராசிரியர். 1968இல் ‘குருக்ஷேத்திரம்’ என்னும் தொகுப்பை வெளியிட்டவர். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் செட்டிமார் சமூகத்தின் பேச்சு வழக்கை நாவலின் மொழியாக்கிற்று; ‘பள்ளிகொண்டபுரம்’ (1970) திருவனந்தபுரத்தையே களனாகக் கொண்டது. ஐயப்பப் பணிக்கரின் மலையாளக் கவிதைகளை அவர் தமிழில் பெயர்த்துள்ளார்.

இக்கட்டுரையின் நோக்கில் ஆ. மாதவன் தனித்துக் கருதத்தக்கவர். மலையாள வழியில் பள்ளிக்கல்வி பெற்ற அவர், சாலையில் பல்லாண்டு கடை நடத்தினார். ‘கடைத்தெருக் கதைகள்’ அத்தெருவின் மாந்தரையும் அவர்தம் பேச்சையும் பொருளாகக் கொண்டவை. பி.கே. பாலகிருஷ்ணனின் நாவலை ‘இனி நான் உறங்கட்டும்’ எனத் தமிழில் தந்தார். ‘இலக்கியச் சுவடுகள்’ என்னும் நூலுக்காக 2015இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்று, 2021இல் மறைந்தார். எழுத்துத்தமிழை முறையான பள்ளிக்கல்வியால் பெறாத ஒருவர் அம்மொழியில் உரைநடை வல்லுநராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உயர்ந்தமைக்கு அவரது வாசிப்பும் முயற்சியும் முதற்காரணம். கடையில் நாளெல்லாம் அவர் கேட்ட இருமொழிப் பேச்சை அடுத்த காரணமாகக் கூறலாம்.

பழைய திருவிதாங்கூரின் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமியும் இளமையில் கோட்டயத்தில் வாழ்ந்து மலையாளம் பயின்றவர். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலுக்கு அவர் அளித்த தமிழாக்கம் 1962இல் வெளிவந்தது. மலையாளத்திலிருந்து தமிழாக்குவோர்க்கு இடர் தருவது அருஞ்சொல் அன்று. அதற்கு அகராதி உண்டு. இரு மொழியிலும் ஒரே வடிவில் நின்று பொருளிலோ மதிப்பிலோ வேறுபடும் எளிய சொல்லே இடர் தருவது. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்பது குவளையில் உள்ள நீர். பொதுத்தமிழில் ஊரை அழிக்கும் பெருக்கு. ‘அவன்’ என்னும் சுட்டு எவ்விடத்து அன்பு, எவ்விடத்து இழிவு என்பதைச் சொற்பொருள் விளக்கத்தால் முழுதும் அறிய இயலாது. இருவர் பேசக் கேட்டு, அப்பேச்சின்பின் அவர்கள் முகம் மாறியதையோ மாறாததையோ கண்டவரே அதனை அறிவர். சிறைப்புறக் கேட்போர் பெறும் அறிவு இத்தகையது.

6. அஞ்சலிலிருந்து மின்னஞ்சலுக்கு

திருவிதாங்கூர் அரசு தனக்கெனத் தபால் அமைப்பொன்றை நடத்தியது. அதன் பெயர் ‘அஞ்சல்’. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரர் அதன் அடையாளமாக விளங்கினர். 1951இல் அது இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. பொதுத்தமிழிலோ ‘அஞ்சல்’ என்னும் சொல் ‘தபால்’ என்பதற்கு ஈடாகப் பரவி, பின்னர் ‘மின்னஞ்சல்’ என வளர்ந்துள்ளது. 1990இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் நிறுவப்பட்டது. 1995 ஆகஸ்டு 15 முதல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ் விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. கைப்பேசி பரவியபின், தொலைவில் உள்ளோருடன் பேசுதல் எளிதாயிற்று.

இதன் நன்மையைக் குறைத்துக் கூறுதல் முறையன்று. சாலையில் வாழும் குடும்பம் நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் வளைகுடா நாடுகளிலும் உள்ள தம் உறவினருடன் நாள்தோறும் தமிழில் பேச இயல்கிறது. முற்காலத்தில் ஆண்டுக்கொரு முறை திருமணத்திலோ திருவிழாவிலோ புதுப்பிக்கப்பட்ட உறவு இன்று நாளும் புதுப்பிக்கப்படுகிறது. மொழிப் பேணுகையில் இதன் பங்கு பெரிது.

எனினும் மூன்று மாற்றங்கள் கருதத்தக்கன.

முதலாவது, திரை எழுத்தை வேண்டுகிறது. பேச்சில் தமிழராகவும் எழுத்தில் மலையாளியாகவும் வளர்ந்தவர் குறுஞ்செய்தி எழுதும்போது எந்த வரிவடிவைத் தெரிவது என்னும் இக்கட்டு எழுகிறது. தமிழை உரோமன் எழுத்தில் எழுதுதலும், எழுதுவதற்கு எளிய மொழிக்கே மாறிவிடுதலும் இதன் விளைவுகள். குரற்செய்தி இவ்விக்கட்டை ஓரளவு நீக்குகிறது.

இரண்டாவது, திரைவழி உரையாடலில் களன் மொழியாலோ உறவாலோ முன்னரே வரையறுக்கப்பட்டுவிடுகிறது. குடும்பக் குழுவில் குடும்பத்தாரும், சங்கக் குழுவில் சங்கத்தாரும் மட்டுமே இருப்பர். குழுவில் எழுதாது படிப்போரும் கேட்போரே. ஆயினும் அவர்கள் பெரும்பாலும் அதே மொழியினர். வேற்றுமொழியார் தற்செயலாக அருகில் நின்று கேட்கும் வாய்ப்பு அங்குக் குறைவு.

மூன்றாவது, திரைப்படமும் காணொளியும் வேற்றுமொழிப் பேச்சை முன்னெப்போதும் இல்லாத அளவில் கேட்கச் செய்கின்றன. திருவனந்தபுரத்து மலையாளிகளிடம் தமிழ்ப்படம் வளர்த்துள்ள மொழியறிவு கணிசமானது. ஆனால் இது மறுமொழி கூறவியலாத கேட்பு. கடைத்தெருவில் கேட்டவர் மறுநாள் அதே சொல்லைத் தாம் கூறி, அது பிழையாயின் நகைக்கப்பட்டுத் திருத்தமும் பெற்றார். திரையின் முன் கேட்பவர்க்கு அத்திருத்தம் கிட்டுவதில்லை. புரிதல் வளர்ந்து பேசுதல் வளராத நிலை இதனால் தோன்றுகிறது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகளைப் பெறலாம்.

(அ) திருவனந்தபுரத்தில் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று வளர்த்தமைக்கு நிறுவனங்கள் மட்டும் காரணமல்ல. பல இழை உறவுகள் அமைந்த பொதுக்களங்களும், அவற்றில் உடனிருந்து கேட்டோரும் இணையான காரணங்கள் ஆவர். அக்களங்களில் நிற்கும் உரிமை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தமை இவ்வரலாற்றின் பிரிக்கவியலாத கூறாகும்.

(ஆ) இந்நகர் கிளைமொழி ஆய்வுக்குப் பெயர் பெற்றது. கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறை 1963இல் வ.அய். சுப்பிரமணியத்தின் தலைமையில் தொடங்கப்பெற்றது; 1974இல் வெளிவந்த மலையாளக் கிளைமொழி அளவாய்வு இடத்தையும் சமூகத்தையும் அலகுகளாகக் கொண்டது. இவ்வலகுகளோடு களத்தையும் ஓர் அலகாகக் கொண்டு, கடை, பேருந்து, கோயில், குடும்பக் குழு எனத் தனித்தனியே பேச்சைப் பதிவுசெய்யும் ஆய்வு தேவைப்படுகிறது. சாலையின் இருமொழி வணிகருள் மூத்த தலைமுறையினர் மறைந்துவருவதால் இப்பணியைத் தள்ளிப்போடுதல் இயலாது.

(இ) மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் நூலும் அகராதியும் பெறும் இடத்தை நேர்க்கேட்பும் பெறவேண்டும். முன்னைய மொழிபெயர்ப்பாளர்க்கு அதனைத் தெருவே அளித்தது. இன்றைய பயிற்சியாளர்க்கு அதனைத் திட்டமிட்டு அளிக்க வேண்டியுள்ளது. மூலமொழி பேசுவோர் நடுவே, தம்மை நோக்கிப் பேசப்படாத பேச்சைக் கேட்டுச் சில திங்கள் கழிப்பதும் அப்பயிற்சியின் பகுதியாகுமாயின், ‘வெள்ளம்’ போன்ற எளிய சொற்களில் நேரும் பிழைகள் பெரிதும் குறையும்.